முந்திக்கொண்ட மூச்சு

அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் எர்லீன் டிப்ஸின் இடது கை அவள் வயிற்றுக்குப் போய்விடும். கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருப்பாள். கூரையில் மாட்டிய ஸ்பீக்கரில் டிரம் தட்டத் தொடங்கும். வலது கை தக்காளிமேலேயே இருக்க, இடது கை மட்டும் மெல்ல நகர்ந்து தொப்புளுக்குக் கீழே போய் அமர்ந்துகொள்ளும். பாடுகிறவள் முதல் வரியை முடித்ததும் கை தானாக இறங்கிவிடும். அவளுக்கே அது தெரியாது.

லெனோராவுக்குத் தெரியும். சிறுமியாக இருந்த நாளிலிருந்து பார்த்து வருகிறாள்.

"அக்கா, ஊருக்கே பிடிச்ச பாட்டு உனக்கு மட்டும் செரிக்க மாட்டேங்குது பாரு," என்பாள். "சோடா வாங்கட்டுமா?"

"உன் வேலையைப் பாருடி. வெங்காயம் எடுத்தியா?"

லெனோரா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். குரல் பஸ்ஸின் கடைசி இருக்கை வரைக்கும் போகும். எர்லீன் அதற்கு நேர்மாறு. பேசினால் பக்கத்தில் இருப்பவர் குனிந்து கேட்க வேண்டும். ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேர் இப்படியா இருப்பார்கள் என்று சபையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் சொல்வார்கள். பழையவர்கள் அந்தப் பேச்சு வரும்போது பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

ஏனென்றால் அவர்கள் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் இல்லை. லெனோரா எர்லீனின் தங்கை இல்லை, மகள். பிரின்ஸ் தெருவில் அந்தக் காலத்தில் குடியிருந்த எல்லாருக்கும் அது தெரியும். லெனோரா ஒருத்திக்குத்தான் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது முடியாத காரியம் என்பார்கள். தெரு முழுக்கச் சேர்ந்து மறைத்தால் முடியும்.

அந்தப் பாட்டும் லெனோராவும் கிட்டத்தட்ட ஒரே வயது.

நியூவார்க்கில் அப்போது குளிர்காலம் என்றால் சூடு வராத குழாய்களைச் சுத்தியலால் தட்டும் காலம். எர்லீன், ஜொனெட்டா, வில்லா டீன் மூவரும் ஒரே கட்டடம். மவுண்ட் நெபோ சபையின் இளையோர் பாடகர் குழுவில் மூவரும் உண்டு. சபையில் பாட முடியாத பாட்டுகளைக் கட்டடத்தின் மாடிப்படியில் பாடுவார்கள். அங்கே சுவர் எதிரொலி கொடுக்கும். மூன்று குரல் ஆறாகும். மூன்றாம் மாடிக்காரர் கதவைத் திறந்து, "தூங்க விடுங்கடி, பிசாசுகளா!" என்று கத்துவார். அடுத்த நாள், "நேத்து ஏன் பாடல?" என்று அவரே கேட்பார்.

மாடிப்படிக் குரல் எப்படியோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் மன்ஹாட்டனில் இருந்த ஹால்பின் என்பவர் காதுக்குப் போனது. பெண்பிள்ளைகளை மூன்று மூன்றாகச் சேர்த்து ஒரே மாதிரி கவுன் தைத்துப்போட்டு இசைத்தட்டு போடுகிறவர் அவர். குழுவுக்கு மேரிடெல்ஸ் என்று பெயரும் அவரே வைத்தார். அந்தத் தொழிலில் பெயர் வைத்தவருக்குத்தான் பெயர் சொந்தம். எந்தப் பெண்ணை வேண்டுமானாலும் அந்தப் பெயருக்குள் நிறுத்தலாம், எடுக்கலாம். அப்போது அது அவர்களுக்குப் புரியவில்லை.

அவர் கொடுத்த பாட்டு பிரின்ஸ் தெருவிலேயே பிறந்த மாதிரி இருந்தது. அந்தத் தெருவில் இரண்டு பெண்கள் சண்டைக்கு நின்றால், முதலில் தோடு கழலும். அப்புறம் கோட் கழலும். இரண்டையும் நம்பிக்கையான சிநேகிதி கையில் கொடுத்துவிட்டுத்தான் அடுத்தவள் முடியில் கைவைப்பார்கள். பாட்டில் வருகிற பெண், நடன அறையின் அந்தக் கோடியில் தன் பையன் இன்னொருத்தியோடு ஆடுவதைப் பார்க்கிறாள். பக்கத்தில் நிற்கிறவளிடம் சொல்கிறாள்: 'என் கோட்டைக் கொஞ்சம் பிடி, இதோ வந்துடறேன்.' பாட்டு முழுக்க அவ்வளவுதான். அவள் போய் அடித்தாளா, அழுதாளா, ஆடினாளா என்று பாட்டு சொல்லாது.

முதல் குரல் எர்லீனுக்கு. பேச்சில் சுண்டெலி, பாட்டில் வேறு ஆள்.

ஸ்டூடியோவில் ஜனவரிக் கடைசியில் பதிவு. எர்லீன் கனத்த பழுப்புக் கோட் போட்டுக்கொண்டு மைக் முன்னால் நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹால்பின் குரல் வந்தது.

"பழுப்புக் கோட் பொண்ணு, அதைக் கழட்டு. பித்தான் மைக்குல இடிச்சு டிக் டிக்னு கேக்குது."

"குளிருது சார்."

"இங்க நான் வேர்த்து ஒழுகிட்டிருக்கேன். கழட்டு."

எர்லீன் கழற்றவில்லை. அவள் பாவாடையின் கொக்கி இரண்டு வாரமாகப் போட முடியாமல் ஊசியால் கோத்திருந்தது. பக்கத்தில் நின்ற ஜொனெட்டா முதலில் எரிச்சலோடுதான் திரும்பிப் பார்த்தாள். எர்லீனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள். ஜொனெட்டாவுக்கும் பதினாறு வயதுதான். ஆனால் அவள் வீட்டில் ஐந்து அக்காக்கள்.

"குடுடி," என்றாள் மெதுவாக. "நான் பிடிச்சுக்கிறேன்."

கோட்டை வாங்கித் தன் கையில் விரித்துப் போட்டுக்கொண்டாள். கண்ணாடிக்கும் எர்லீனுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை மாதிரி நின்றாள். பாட்டில் வருகிற மாதிரியே நடக்கிறது என்று இரண்டு பேருக்கும் அப்போது தோன்றவில்லை. சிரிக்கிற நிலையில் யார் இருந்தார்கள்?

டிரம் நான்கு தட்டு. அதற்குப் பிறகு ஒரு தட்டு சும்மா விட்டு, அப்புறம்தான் எர்லீன் எடுக்க வேண்டும். மூன்றாவது தட்டு விழும்போது அவள் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று, மீன் வாலடிப்பது போல, அடித்தது. அதுவரை அது ஒரு பயம் மட்டுமாக இருந்தது. அந்த அடியில் அது ஓர் ஆளானது. "ஹா!" என்று மூச்சு தானாக உள்ளே இழுத்துக்கொண்டது. இழுத்த மூச்சை எங்காவது விட்டாக வேண்டும். நான்காவது தட்டைக்கூடப் பொறுக்காமல், "என் கோட்டைக் கொஞ்சம் பிடி" என்று பாட்டு வெளியே வந்துவிட்டது. டிரம்காரர் பதறிப்போய் அவளைத் துரத்திப் பிடித்தார். மற்ற இரண்டு பேரும் ஓடிவந்து சேர்ந்துகொண்டார்கள்.

முடிந்ததும் எர்லீன் அழத் தயாராக இருந்தாள். "மன்னிச்சுக்கங்க சார். இன்னொரு தடவை சரியா பாடறேன்."

சரியாகவே பலமுறை பாடினார்கள். ஹால்பின் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலாவதை எடுத்தார். "இந்தத் தப்பைக் காசு குடுத்தாலும் யாரும் செய்ய முடியாது," என்றார்.

எர்லீனின் அம்மா மொசெல் விஷயத்தைக் கண்டுபிடிக்க ஊசி கோத்த பாவாடை போதுமானதாக இருந்தது. அடிக்கவில்லை. கூச்சல் போடவில்லை. தெற்குக் கரோலினாவில் இருந்த தன் தங்கைக்குப் போன் செய்தாள். மார்ச் மாதம் எர்லீன் பஸ் ஏறினாள். பிள்ளைக்கு அப்பனான பையன் அதற்கு முன்பே தன் குடும்பத்தோடு சிகாகோ போய்விட்டிருந்தான். அவனிடம் யாரும் சொல்லவும் இல்லை, அவன் கேட்கவும் இல்லை.

இசைத்தட்டு ஏப்ரலில் வெளிவந்தது. சித்தி வீட்டுப் பின்வாசலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது எர்லீன் அதை முதன்முதலாக வானொலியில் கேட்டாள். தன் குரல் என்று உடனே தெரியவில்லை. அந்த "ஹா" வந்ததும் தெரிந்தது. வயிற்றிலிருந்ததும் உதைத்தது. இடது கையில் இருந்த பட்டாணித் தோல் கீழே விழுந்தது.

வடக்கே மொசெல் தளர்ந்த கவுன் போட்டு, உள்ளே துணி சுற்றி, "இந்த வயசுல எனக்கு ஆண்டவர் இப்படி ஒண்ணு குடுத்துட்டாரே," என்று சபைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். பிறகு அவளும் தெற்கே போனாள். கோடை முடிவில் இரண்டு பேரும் திரும்பியபோது பிள்ளை மொசெலின் கையில் இருந்தது. எர்லீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இவ உன் தங்கச்சி," என்று மொசெல் ரயிலிலேயே சொல்லியிருந்தாள். "இதுக்கு மேல வேற வார்த்தை உன் வாயில வந்துச்சுன்னா, இந்த வீட்டு வாசல் உனக்கு இல்ல. குழந்தைக்கும் இல்ல."

தெருவில் எல்லாரும் குழந்தையைக் கொஞ்சினார்கள். "உன்னை அப்படியே உரிச்சு வெச்சிருக்கு, மொசெல்," என்றார்கள். எர்லீனைப் பார்க்காமல் சொன்னார்கள்.

அதற்குள் மேரிடெல்ஸ் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. எர்லீன் இடத்தில் ஜொனெட்டா நின்றாள். ஜொனெட்டா இடத்தில் எங்கிருந்தோ ஒரு பெண் வந்து நின்றாள். ஜொனெட்டாவின் குரல் தடித்த குரல், நல்ல குரல்தான், ஆனால் அந்தப் பாட்டுக்கான குரல் இல்லை. இரவும் பகலும் இசைத்தட்டைக் கேட்டு எர்லீனைப் போலப் பாடக் கற்றுக்கொண்டாள். அந்தப் பாட்டை அடுத்தவர் பாட்டாகப் பாடிய முதல் ஆள் ஜொனெட்டாதான். அது யாருக்கும் தெரியாது. இசைத்தட்டின் உறையில் அவள் படம் இருந்தது.

அதற்குப் பிறகு பாடியவர்களுக்குக் கணக்கில்லை. இங்கிலாந்திலிருந்து முடியை நெற்றியில் விட்ட நாலு பையன்கள் பாடினார்கள். கோட்டை நண்பன் கையில் கொடுத்துவிட்டுப் போகிறவனாகப் பாட்டை மாற்றி, "ஹா" வரும் இடத்தில் சிரித்துவைத்தார்கள். எர்லீன் அப்போது மருத்துவமனைச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். உப்பில்லாத உருளைக்கிழங்கு மசிக்கும்போது கேட்டாள். பிரான்சில் ஒருத்தி பெருமூச்சாக விட்டாள். நாட்டுப்புறப் பாட்டுக்காரர் ஒருவர் கிதாரை முன்னால் விட்டு அந்த இடத்தைத் தாண்டிப் போனார். அறுபத்தேழில் கலவரத்தில் தெரு எரிந்தபோது எர்லீனிடம் இருந்த ஒரே இசைத்தட்டும் புகையில் வளைந்துபோனது. எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. குப்பையோடு போட்டாள்.

எழுபதுகளில் அதையே ஆட்டத்துக்கு ஏற்ற வேகத்தில் போட்டார்கள். "ஹா, ஹா, ஹா" என்று அதை மட்டும் வரிசையாக அடுக்கினார்கள். லெனோராவுக்கு அதுதான் பிடித்தது. அவள் கல்யாணத்தில் அதற்குத்தான் ஆடினாள். "வாக்கா, ஒரு தடவை ஆடு!" என்று எர்லீனின் கையைப் பிடித்து இழுத்தாள். எர்லீன் போகவில்லை. பந்தி மேசைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். மணப்பெண்ணின் அம்மாவுக்கான நாற்காலியில் மொசெல் உட்கார்ந்திருந்தாள்.

மெத்தை விளம்பரம் ஒன்றில் வந்தது. தொலைக்காட்சித் தொடரில் யாரோ சாகும்போது ஒரு மெல்லிய பெண் அதை ஒப்பாரி மாதிரி இழுத்துப் பாடினாள். பிறகு வேகமாகப் பேசிப் பாடும் பையன் ஒருவன் பாட்டை எல்லாம் விட்டுவிட்டு அந்த "ஹா"வை மட்டும் வெட்டி எடுத்து, அதன்மேல் தன் பேச்சைப் போட்டான். அந்தக் கோடை முழுவதும் கார்கள் ஜன்னலைத் திறந்துவிட்டு அதைப் போட்டுக்கொண்டு போயின. தன் பிள்ளையின் முதல் உதை தெருவில் போகிற வருகிற கார்களிலிருந்தெல்லாம் எர்லீனின் ஜன்னல் கண்ணாடியில் வந்து மோதியது. அவள் இடது கைக்கு அந்தக் கோடையில் ஓய்வே இல்லை.

பாட்டுப் பத்திரிகைக்காரர்கள் ஜொனெட்டாவிடம்தான் வருவார்கள். எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. அந்த இடத்தில் ஏன் மூச்சு வாங்கியது? ஏன் முந்தினீர்கள்? ஜொனெட்டா ஆளுக்கொரு கதை சொல்வாள். ஒருவரிடம் எலி ஓடியது என்பாள். இன்னொருவரிடம் டிரம்காரன் கண்ணடித்தான் என்பாள். ஒருவரிடம் புதுச் செருப்பு கடித்தது. ஒரு கிழவரிடம் தேவதூதர் தோளைத் தொட்டார் என்றுகூடச் சொன்னாள்; அவர் அதை அப்படியே எழுதிப் போட்டார். கிறிஸ்துமஸுக்கு கேக் எடுத்துக்கொண்டு எர்லீன் வீட்டுக்கு வரும்போது அவற்றையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். லெனோராவும் சிரிப்பாள். "அத்தை, அடுத்த தடவை பல் வலின்னு சொல்லுங்க," என்று யோசனை கொடுப்பாள்.

மொசெல் செத்தபோது சொல்லியிருக்கலாம். எர்லீன் அன்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் பெட்டியின் மேல் விழுந்து, "எனக்கு இனிமே அம்மா இல்லியே," என்று லெனோரா அழுதாள். அந்த நேரத்தில் வாயைத் திறந்தால் செத்தவளை இன்னொரு தடவை சாகடித்த மாதிரி ஆகும் என்று எர்லீனுக்குத் தோன்றியது. கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள். பிறகு வருடங்கள் ஓடின. சொல்லாத வார்த்தை வயசாக வயசாகக் கனக்கும்.

போன இலையுதிர் காலத்தில் ஜொனெட்டா ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். கேக் இல்லை. கையில் தடி இருந்தது. எர்லீன் அடுப்பில் கீரைக்குப் பன்றிக்கால் எலும்பு போட்டு வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

"உக்காரு. என்ன திடீர்னு?"

"ஒரு பொண்ணு வந்திருந்தா. கெண்ட்ரான்னு பேரு. நம்மள மாதிரி கறுப்புப் பிள்ளைதான், சின்ன வயசு. ஒரு பாட்டை எடுத்து அதோட பூர்வோத்திரம் பூராத்தையும் சொல்ற நிகழ்ச்சி பண்றாளாம். போன்லயே கேப்பாங்களாம் ஜனங்க."

"எலிக் கதையைச் சொன்னியா?"

"சொல்ல ஆரம்பிச்சேன். அந்தப் பொண்ணு ஒரு பெட்டியை எடுத்து வெச்சா. கம்ப்யூட்டர் வந்திருக்காம்டி, டிரம்மை வேற, பியானோவை வேற, குரலை வேறன்னு பிரிச்சு எடுக்குதாம். கோழியை எலும்பு வேற கறி வேறன்னு எடுக்கிற மாதிரி. உன் குரலை மட்டும் தனியாப் போட்டா. அப்புறம் நான் மேடையில பாடினதைப் போட்டா. 'மிஸ் ஜொனெட்டா, இது ரெண்டும் ஒரே தொண்டை இல்லியே'ன்னா."

எர்லீன் கரண்டியை வைத்தாள். "நீ என்ன சொன்னே?"

"எர்லீனைக் கேளுன்னேன்."

"ஜொனெட்டா!"

"கத்தாதே. கத்தத் தெரியாதவ கத்தினா பயமா இருக்கு." ஜொனெட்டா தடியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள். "எனக்குப் பொய் தீந்துபோச்சுடி. எலி செத்துப்போச்சு, செருப்பு தேஞ்சுபோச்சு. வசந்த காலத்துல என் பேரைக் கல்லுல வெட்டி மாட்டப் போறாங்களாம், பாடகர் மண்டபத்துல. உன் குரலுக்கு என் பேர். அதை மாட்டிக்கிட்டு நான் ஆண்டவர் முன்னால போய் நிக்கவா?"

"அதுல ஒரு தப்பும் இல்ல. நீதானே ஊர் ஊரா அலைஞ்சு பாடினே."

"அலைஞ்சேன். உன் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு அலைஞ்சேன். 'இதோ வந்துடறேன்'னு போனவ நீ. இன்னும் வரல." அவள் இரண்டு கையையும் நீட்டினாள். "கை வலிக்குது, எர்லீன். வந்து வாங்கிக்கோ."

கீரை பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாடினது நான்னு சொன்னா, ஏன் விட்டுட்டுப் போனேன்னு கேப்பாங்க," என்றாள் எர்லீன். "ஏன் மூச்சு வாங்குச்சுன்னு கேப்பாங்க. எனக்குப் பொய் சொல்ல வராது. உனக்கே தெரியும்."

"அதான் சொல்றேன். சனிக்கிழமை அந்தப் பொண்ணு இங்க வருவா. அதுக்கு முன்னால பிள்ளைகிட்ட சொல்லிடு. ஊர் சொல்லிக் கேக்கறதுக்கு முன்னால உன் வாயால சொல்லு."

வெள்ளிக்கிழமை லெனோரா வழக்கம்போல வறுத்த மீன் வாங்கிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் ஒரு பையன் பக்கத்துப் பையனின் சட்டைக்குள் தவளை விட்ட கதையைச் சொன்னாள். எர்லீன் முள் எடுத்துக்கொண்டே இருந்தாள். முள் எல்லாம் போன பிறகும் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, மீன் நல்லால்லியா?"

"லெனோரா."

"ம்?"

"நாளைக்கு நீ வர வேணாம். நான் கடைக்குப் போகல."

"நல்ல கதை! ரேடியோக்காரி வர்றாளாம், ஜொனெட்டா அத்தை சொன்னாங்க. நான் இல்லாம நீ அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசுவியா? நான் வந்து காபி போடறேன்."

சொல்ல வந்ததை விட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள். "சரி," என்றாள் எர்லீன்.

கெண்ட்ரா நல்ல பெண். வாசலிலேயே காலணியைக் கழற்றினாள். "மிஸ் எர்லீன், உங்களுக்குப் பிடிக்காத எதையும் நான் வெளியில விட மாட்டேன்," என்று முதலிலேயே சொன்னாள். சமையலறை மேசையில் கைக்கடக்கமான ஸ்பீக்கர் ஒன்றை வைத்தாள். லெனோரா அடுப்பருகே முதுகைக் காட்டிக்கொண்டு காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். முதல்ல கேளுங்க," என்றாள் கெண்ட்ரா.

டிரம் இல்லை, பியானோ இல்லை, துணைக்குரல் இல்லை. வெறும் காற்றின் இரைச்சல். அதிலிருந்து பதினாறு வயதுப் பெண்ணின் "ஹா!" எழுந்தது. அந்தச் சமையலறைக்குள்ளேயே யாரோ நின்று மூச்சு வாங்கிய மாதிரி இருந்தது. பிறகு குரல் தவறி விழுவதுபோலப் பாட்டுக்குள் விழுந்தது.

"இது உங்க குரல்தானே?"

எர்லீன் தலையசைத்தாள்.

"எத்தனையோ பேர் இந்த மூச்சை விட்டுப் பார்த்திருக்காங்க. ஒருத்தர் சிரிப்புன்னு நினைச்சாங்க, ஒருத்தர் பயம்னு, ஒருத்தர் ஆசைன்னு. யாருக்கும் சரியா வரல. இது என்ன, மிஸ் எர்லீன்?"

"எங்க அக்காவா இதைப் பாடினது? இன்னொரு தடவை போடும்மா," என்றாள் லெனோரா, திரும்பாமல்.

கெண்ட்ரா போட்டாள்.

லெனோரா சிரித்தாள். "இதைக் கண்டுபிடிக்கவா கம்ப்யூட்டர்? சிரிப்பும் இல்ல, பயமும் இல்ல. எனக்குத் தெரியும் இது. நான் பஸ்ஸை சிக்னல்ல நிறுத்தியிருக்கேன், என் பெரியவன் வயித்துக்குள்ள முதல் உதை விட்டான் பாரு. இதே சத்தம். 'ஹா'ன்னு. பின்னாடி இருந்த பிள்ளைங்க பூரா என்னை மாதிரியே கத்திக் கேலி பண்ணுச்சுங்க. இது பிள்ளை உதைச்ச..."

காபியோடு திரும்பியவள் எர்லீனைப் பார்த்தாள். எர்லீனின் இடது கை இருந்த இடத்தைப் பார்த்தாள்.

கோப்பையை மேசையில் வைத்தாள். சிந்தாமல் வைத்தாள்.

"எந்த மாசம் பதிவு பண்ணீங்க இதை?"

கெண்ட்ராதான் பதில் சொன்னாள். "ஜனவரி கடைசி." சொல்லிவிட்டு, ஏதோ தவறிவிட்டது என்று புரிந்து பெட்டியின் பொத்தானை அழுத்தி அணைத்தாள்.

"நான் ஜூன்," என்றாள் லெனோரா.

சூட்டுக் குழாய் மட்டும் டக் டக்கென்று தட்டியது.

"நேத்து மீன் தின்னும்போது இதைத்தான் சொல்ல வந்தியா?"

"ஆமா."

"ஜொனெட்டா அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சபையில?"

எர்லீன் மேசையைப் பார்த்தாள்.

"அப்ப ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் கண்ணைக் கட்டி விட்டிருக்கீங்க." லெனோராவின் குரல் உயரவில்லை. அது எர்லீனுக்கு இன்னும் பயமாக இருந்தது. "பதினாறு வயசுல பிள்ளை பெத்ததுக்கு உன்னை நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அம்மா வெச்ச சட்டம் அது, அதுவும் எனக்குப் புரியுது. அம்மாவைப் புதைச்ச அன்னிக்கு, எனக்கு இனிமே அம்மா இல்லேன்னு அழுதேன். பக்கத்துல நின்னே. கைக்குட்டை குடுத்தே. கைக்குட்டை மட்டும் குடுத்தே."

"லெனோரா, நான்..."

"வேணாம்."

கதவுக்குப் போனவள் கெண்ட்ராவிடம் திரும்பினாள். "பாடினது யாருன்னு போடு. அவங்க பேரைப் பெருசாப் போடு. ஏன் மூச்சு வாங்குச்சுங்கறதை மட்டும் போடாதே. அது என்னோடது."

கெண்ட்ரா சொன்ன சொல் தவறவில்லை. நன்றி சொல்லும் பண்டிகைக்குப் பிறகு நிகழ்ச்சி வந்தது. அதில் ஜொனெட்டா தன் வாயாலேயே சொன்னாள்: "நான் ரெண்டாவது ஆள். முதல் ஆள் எர்லீன் டிப்ஸ்." மூச்சின் காரணம் யாருக்கும் தெரியவில்லை என்று முடித்தார்கள். மவுண்ட் நெபோ சபையில் போதகர் எர்லீனை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். லெனோரா உட்காரும் இடம் காலியாக இருந்தது. கைதட்டிய பழையவர்கள் அந்த இடத்தைப் பார்க்காமல் கைதட்டினார்கள்.

கிறிஸ்துமஸுக்கும் லெனோரா வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் எர்லீன் தானே போய் மீன் வாங்கினாள். இரண்டு பேருக்கு வாங்கி, மீந்ததை மறுநாள் தின்றாள்.

மண்டபத்தில் கல் மாட்டிய நாளில் ஜொனெட்டாவும் எர்லீனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். இரண்டு பெயரும் கல்லில் இருந்தன. யாரோ அந்தப் பாட்டைப் போட்டார்கள். டிரம் தட்டியது. ஜொனெட்டா சட்டென்று எர்லீனின் இடது கையைப் பிடித்து இறுக்கிக்கொண்டாள். கதவோரத்தில், வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, லெனோரா நின்றிருந்தாள். பாட்டு முடியும் வரை நின்றாள். வெளியே வந்தபோது அவளும் இல்லை, வண்டியும் இல்லை.

ஈஸ்டர் கழிந்த பிறகு ஒரு ஞாயிறு காலையில் கீழே ஹாரன் கேட்டது.

இப்போது எர்லீனுக்கு எழுபத்தாறு வயது. அதே வீட்டில்தான் இருக்கிறாள். ஜொனெட்டாவுக்குக் கால் முடியாததால் தன் மகனோடு தெற்கே போய்விட்டாள், போனில் பேசுகிறாள். அந்தப் பாட்டை யார் யாரோ இன்னும் பாடுகிறார்கள். லெனோரா ஞாயிறுதோறும் வந்து எர்லீனைச் சபைக்குக் கூட்டிப் போகிறாள். கடைக்கும் கூட்டிப் போகிறாள். அக்கா என்று கூப்பிடுவதில்லை. அம்மா என்றும் கூப்பிடுவதில்லை. கீழே வண்டியை நிறுத்தி ஹாரன் அடிக்கிறாள். எர்லீன் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கி வருகிறாள்.